ஐம்பதில் நின்ற வளையம்

டேப் ஒட்டி முடித்தாயிற்று. வாட்ச்சில் பட்டை மாட்டுகிற நாலு கொம்பிலும், பக்கவாட்டிலும், பிளேடு வழுக்கினால் கீறல் விழக்கூடாது என்று காகித டேப்பை இரண்டு சுற்று ஒட்டி நகத்தால் அழுத்தித் தேய்த்திருக்கிறேன். இனி பிளேடை வளையத்துக்குக் கீழே உள்ள இடுக்கில் வைத்து நெம்ப வேண்டியதுதான். மணி இரண்டே முக்கால். ஐந்து மணிக்கு மதினியும் அவள் மகள் அன்சிலாவும் வருவார்கள். அன்சிலா நாளைக் காலையில் நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போகிறாள். அப்பா வாட்ச்சைக் கட்டிக்கொண்டுதான் போவேன் என்று ஒரே பிடிவாதம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது மதினி கைப்பையிலிருந்து இதை எடுத்து என் கையில் வைத்தாள். "தம்பி, நீதான் வாட்ச்சுகளப் பிரிச்சு மேஞ்சுக்கிட்டு இருக்கியே, இதக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடு. இந்தச் சுத்துற வளையம் சுத்தவே மாட்டேங்குது, இறுகிப் போச்சு" என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அதே பிளாஸ்டிக் கவர். மேலே பச்சை மையில் கஸ்மீர் என்று அண்ணன் பெயர். இரண்டு வருஷம் நாலு மாசம் பீரோவில் இருந்திருக்கிறது. அதற்குள் கையைவிட்டு எடுக்கும்போதே எனக்குத் தெரியும், வளையம் எங்கே நிற்கும் என்று. ஐம்பதில். அது ஐம்பதில்தான் நின்றது. தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் கட்டுகிற கடிகாரம் இது. கண்ணாடியைச் சுற்றித் திரும்புகிற ஒரு வளையம், அதில் ஒரு முக்கோணம். இறங்குகிற நொடியில் முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரே திருப்பி வைத்துவிட வேண்டும். அப்புறம் எப்போது பார்த்தாலும், முள் முக்கோணத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு நிமிஷம் தண்ணீருக்குள் இருக்கிறோம் என்று அர்த்தம். செத்துப்போன அன்றைக்கு அண்ணன் கடலில் இறங்கியது ஒன்பது ஐம்பதுக்கு. ஊருக்கும் போலீசுக்கும் மதினிக்கும் நான் சொன்னது பத்து பத்துக்கு. நடுவில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி உலகத்தில் சாட்சி சொல்லக்கூடியவை இரண்டுதான், நானும் இந்த வளையமும். வளையத்தைக் கழற்றுகிற வேலையை மதினியே கொண்டுவந்து என் கையில் கொடுத்திருக்கிறாள்.

சாமானெல்லாம் வரிசையாக இருக்கிறது. பிளேடு, பல்குத்தும் குச்சி, பழைய டூத் பிரஷ், ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், புது ரப்பர் வளையம், கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடி. கடலைவிட்டு வந்த பிறகுதான் இந்தப் பழக்கம். குடோனில் ஸ்டோர் பார்க்கிற வேலை கிடைத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது பிசைந்துகொண்டே இருக்கும். என் சம்சாரம் ஜெசி பயந்தாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து முதலில் வீட்டில் கிடந்த பழைய கடிகாரத்தைப் பிரித்தேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். சின்னத் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பறந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு. எட்டுப் பாகம் ஆழம், அண்ணன் இறங்கிய அந்த இடம். எட்டு ஆள் கையை விரித்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு. நான் காற்று டாங்க் கட்டி இறங்குகிறவன் இல்லை, வெறும் மூச்சில் மூன்று தடவை முங்கினேன். முதல் தடவை கால்தான் கண்ணில் பட்டது. யாரோ விட்டுப்போன நைலான் வலை, பாறையில் சிக்கி, அதில் அண்ணனுடைய துடுப்பு மாட்டிய கால். இரண்டாவது தடவை கத்தியை வைத்து அறுக்க ஆரம்பித்தேன், முடியவில்லை. மூன்றாவது தடவை அறுந்தது. காதிலிருந்து ரத்தம் வந்தது. அதைத்தான் ஊர் இன்னும் சொல்கிறது. தம்பின்னா டெல்வின் மாதிரி இருக்கணும், உசுரக் குடுத்து அண்ணன மேல கொண்டாந்தான். அடக்கப் பூசையில் சாமியார்கூட அதைச் சொன்னார். நான் முதல் வரிசையில் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காதில் அவர் சொன்னது விழாமலே போயிருக்கலாம், நன்றாக விழுந்தது.

பிளேடை எடுக்கிறேன். வீடியோவில் அந்த ஆள் சொல்வான், அவசரப்படக்கூடாது, வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவில் மயிர்க்கோடு மாதிரி ஓர் இடைவெளி இருக்கும், பிளேடின் முனையை அங்கே வைத்து மெல்லத் தட்டி இறக்கு, ஒரே இடத்தில் நெம்பாதே, சுற்றி வா, வளையம் கோணிக்கொண்டால் தீர்ந்தது. இடைவெளியே தெரியவில்லை. உப்பு. வெள்ளையாக, பச்சையாக, கல் மாதிரி. குச்சியால் சுரண்டினால் பொடிப்பொடியாக டேப்பின் மேல் விழுகிறது. அன்றைய தண்ணீர்தான் இது. வேறு தண்ணீர் இந்தக் கடிகாரத்தின் மேல் படவில்லை. நாக்கில் வைத்தால் கரிக்கும். வைக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்கிறேன். பன்னிரண்டில் ஆரம்பித்து ஒன்று, இரண்டு, பத்துக்கு நேராக வரும்போது கை நிற்கிறது. மணிக்கணக்கில் பத்து என்றால் நிமிஷக் கணக்கில் ஐம்பது. அங்கேதான் முக்கோணம். அதற்குள் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி, இருட்டில் ஒளிர்வது. அண்ணனுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையத்தின் பல்லுகளைப் பிடித்துத் திருப்பியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படகு விளிம்பில் உட்கார்ந்து, வாயில் குழாயைக் கடிப்பதற்கு முன்னால், டிக் டிக் டிக் என்று திருப்பிவிட்டு, "எல டெல்வின், அரை மணி. அரை மணில கயித்த ஒரு இழு. நான் ஒரு இழு இழுத்தா நல்லாருக்கேன்னு அர்த்தம். பதில் வரலன்னா யோசிக்காத, தூக்கு. நான் விடாம இழுத்தாலும் தூக்கு" என்றான். ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான். நானும் ஒவ்வொரு தடவையும் சரிண்ணே என்பேன். கடல் அன்றைக்குத் தகடு மாதிரி கிடந்தது. யாரோ ஒரு விசைப்படகுக்காரருடைய நங்கூரம் அறுந்து விழுந்துவிட்டது, தேடிக் கயிறு கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மல்லாந்து விழுந்தான். குமிழி வந்தது. அவன் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில் இருந்தது. இருந்தது. முதலில் கையில்தான் இருந்தது.

"இன்னும் டேப்பத்தான் ஒட்டுதீங்களா?" ஜெசி வாசலில் நிற்கிறாள். உப்பு என்கிறேன், உப்பு இறுகியிருக்கிறது. "மதினி அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவாங்க. ஏலாதுன்னா கடையில குடுத்துருங்கன்னு அப்பவே சொன்னேன்." இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். "சாப்பிட்டதும் சரியில்ல. தூங்குறதும் இல்ல. அவங்க வாட்ச்சு கையில வந்ததுல இருந்து ஆளே ஒரு மாதிரி இருக்கீங்க. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. என்ன செய்ய, போனவங்க போயிட்டாங்க, உங்களால முடிஞ்சத நீங்க செஞ்சீங்க." அவள் என் தலையில் கை வைத்துவிட்டுப் போகிறாள். நல்லவள். உங்களால முடிஞ்சத நீங்க செஞ்சீங்க. இந்த வாக்கியத்தை அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள், சொல்லும்போதெல்லாம் தலையில் கை வைப்பாள், நான் தலையைக் கொஞ்சம் குனிந்துகொடுப்பேன். அப்படிக் குனிவது எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் குனிகிறேன். பாவசங்கீர்த்தனக் கூண்டிலும் இப்படித்தான் குனிந்திருந்தேன். கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி. என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. வேற? வேற இல்ல சாமி.

பாறை மீன். நல்ல பெரிய பாறை, கையளவு இல்லை, முழங்கை அளவு. அண்ணன் இறங்கியதும் சும்மா இருக்க முடியாமல் ஒரு தூண்டிலைப் போட்டிருந்தேன். இடது கையில் கயிறு, வலது கையில் தூண்டில் நரம்பு. எப்போதும் செய்வதுதான், அண்ணனுக்கும் தெரியும், வைவான், சிரிப்பான். சுண்டியது. விட்டுக் கொடுத்தேன். மறுபடியும் சுண்டி இழுத்தது பார், விரலை அறுத்துவிட்டது. ஒரு கையால் முடியாது. கயிற்றைப் படகின் குறுக்குக் கட்டையில் இரண்டு சுற்று சுற்றினேன். இரண்டு சுற்று. ஒரு நிமிஷந்தானே என்றுகூட நினைக்கவில்லை, எதையுமே நினைக்கவில்லை, நினைத்திருந்தால் நன்றாயிருக்கும், தப்பென்று தெரிந்தே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மீனுக்கு விட்டுக்கொடுத்து, இழுத்து, விட்டுக்கொடுத்து, வாய்விட்டுச் சிரித்தேன். அதுதான். அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. நடுக்கடலில் தனியாக ஒருத்தன், வா மக்கா வா என்று மீனைக் கூப்பிட்டுச் சிரிக்கிறான். எட்டுப் பாகத்துக்குக் கீழே அண்ணன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்திருப்பான். ஒரு இழு இல்லை, விடாமல். கயிறு கட்டையை இழுத்தது. கட்டைக்கு என்ன தெரியும். மீனைத் தூக்கிப் படகில் போட்டேன். துள்ளியது. அண்ணன் வந்து பார்த்தால் என்ன சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன், அப்போதுதான் அண்ணன் என்ற சொல் மண்டையில் விழுந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். பத்து நாற்பது.

மூன்று மணி பத்து. பிளேடின் முனை இறங்கிவிட்டது. எங்கே வைத்து நெம்பினேன் என்று எனக்குத் தெரியும். நாலுக்கு நேராக, முக்கோணத்துக்கு எதிர்ப்பக்கமாக, கூடுமானவரை தள்ளி. நெம்பினால் அசையவில்லை. கொஞ்சம் எண்ணெய்விட்டு, காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறேன். இந்த வளையத்தைப் பற்றி ஒரு விஷயம் உண்டு. இது ஒரு பக்கம்தான் திரும்பும், இடப்பக்கமாக. வலப்பக்கம் திரும்பாது. ஏனென்றால் தண்ணீருக்குள் எதிலாவது இடித்துத் தானாகத் திரும்பிவிட்டால், இறங்கி அதிக நேரம் ஆகிவிட்டது என்றுதான் காட்டும், குறைவாகக் காட்டாது. மனுஷன் முன்கூட்டியே மேலே வந்துவிடுவான், பிழைத்துக்கொள்வான். எவனோ மனுஷன் மேல் அக்கறை உள்ளவன் செய்திருக்கிறான். அதை வீடியோவில் கேட்ட அன்றைக்கு எனக்கு வேறொன்று தோன்றியது. யாராவது என்னைக் கேட்டால் சொல்லலாம், படகில் தூக்கிப் போடும்போது இடித்திருக்கும், நிமிஷக் கணக்கில் பத்தில் இருந்தது இடப்பக்கமாகத் திரும்பி ஐம்பதுக்கு வந்திருக்கும் என்று. கணக்குச் சரியாக வருகிறது. பத்திலிருந்து இடப்பக்கம் இருபது போனால் ஐம்பது. எவனும் மறுத்துப் பேச முடியாது. ஆகவே வளையம்கூடச் சாட்சி இல்லை. நான் ஒருத்தன்தான். இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை என்று இப்போதும் விளங்கவில்லை. ஒரு திருடன் பின்னால் ஆள் வருகிறதா என்று ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறான், யாரும் வரவில்லை, தெரு காலியாகக் கிடக்கிறது, அப்போது அவனுக்கு ஓடவும் முடியவில்லை நிற்கவும் முடியவில்லை. அப்படி.

எங்கள் தெருக்காரர் பெர்க்மான்ஸ் அண்ணன் இல்லாவிட்டால் இது எனக்குள்ளேயே கிடந்து என்னைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். நான் ஒருத்தன் தின்னப்படுவது பெரிய விஷயமில்லை. ஆனால் பொய் ஒரு இடத்தில் நிற்பதில்லை. கரையில் ஆட்கள் ஓடிவந்தபோது யாரோ கேட்டார்கள், "எத்தன மணிக்கு எறங்குனான்?" வாய் தானாகச் சொன்னது, பத்து பத்து. பத்து நாற்பதுக்குக் கயிற்றை இழுத்தேன், பதில் இல்லை, குதித்தேன். அரை மணி. அண்ணன் சொன்ன அரை மணி. வாய்க்கு அவ்வளவுதான் தெரியும். டாங்க்கைப் பற்றி வாய் யோசிக்கவில்லை. டாங்க் காலியாக இருந்தது. முழு டாங்க் அரை மணியில் காலியாகாதே என்று போலீஸ்காரர் கேட்டார். எனக்குத் தெரியாது சார் என்றேன். அப்படியானால் காற்று அடைத்துக் கொடுத்தவன் குறைவாக அடைத்திருக்கிறான். பெர்க்மான்ஸ். எங்கள் தெருவிலேயே ஷெட் வைத்து டாங்க்குகளுக்குக் காற்று அடைக்கிறவர். கேஸ் நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. டாங்க் கட்டி இறங்குகிறவன் ஒருத்தனும் அவரிடம் போகவில்லை. ஷெட்டுக் கதவில் யாரோ கொலைகாரன் என்று கரியால் எழுதினார்கள். அவருடைய சம்சாரம் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்ததை நான் சைக்கிளில் போகும்போது பார்த்தேன், வேகமாக மிதித்தேன். இப்போது ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார். போன வருஷம் கோயில் வாசலில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். கோபமாகக்கூட இல்லை. "டெல்வின், நான் முழுசாத்தான் அடைச்சுக் குடுத்தேன். மீட்டர்ல முள்ளு முழுசாக் காட்டுச்சு. நீதான டாங்க்கத் தூக்கிட்டுப் போன, நீ பாத்தல்ல? ஒனக்குத் தெரியும்ல?" நான் பார்த்தேன். எனக்குத் தெரியும். நான் சொன்னேன்: "கவனிக்கலண்ணே." அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, சரி மக்கா, என்று சொன்னார். சரி மக்கா. என் சட்டைக் காலர் மடிந்திருந்தது, அதைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஏன் சரிசெய்தார்? சின்ன வயதில் எனக்கும் அண்ணனுக்கும் அவர்தான் நீச்சல் போட்டி நடத்துவார். அந்தப் பழக்கமாக இருக்கும். அல்லது தெரிந்துவிட்டது. தெரிந்துதான் காலரைத் தொட்டாரா? பிறகு எத்தனையோ நாள் அந்தக் காலரையே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

டக். கழன்றுவிட்டது. நான் நெம்பவேயில்லை, யோசித்துக்கொண்டே அழுத்தியிருக்கிறேன் போல. வளையம் எழும்பி, மேஜையில் உருண்டு, கிண்ணத்தில் மோதிக் கவிழ்ந்தது. பிளேடு இடது பெருவிரலில் இறங்கியிருக்கிறது. முதலில் வெள்ளைக் கோடு, பிறகு சிவப்பு. ஈயத்தட்டில் வைத்த மாதிரி என் முன்னால் வளையம் இல்லாத கடிகாரம் உட்கார்ந்திருக்கிறது, இமை இல்லாத கண் மாதிரி, பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. அடியில் கருத்துப்போன ரப்பர், கொஞ்சம் மணல், வளையம் டிக் டிக் என்று திரும்ப உதவுகிற சின்ன ஸ்பிரிங். அது பத்திரமாக இருக்கிறது, பறக்கவில்லை. ஐம்பது போய்விட்டது. இனி முக்கோணம் எங்கேயும் இல்லை, மேஜையில் குப்புறக் கிடக்கிறது. அண்ணன் கடைசியாகத் தன் விரலால் செய்துவைத்ததை நான் கலைத்துவிட்டேன். விரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரத்தமும் உப்பும். லேசாக இருக்கிறது, உடம்பு லேசாக இருக்கிறது, இது நிம்மதியா? ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். எதற்கு? எதற்கு என்று தெரியாமலே, எடுக்கவில்லையே என்று போனைப் பார்க்கிறேன். எடுக்காமல் விட்டது மறந்துபோயா, வேண்டுமென்றா? போன் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அன்றைக்கும் போன் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அந்த மீனை என்ன செய்தேன்? கேட்டால் சிரிப்பார்கள், இதுதான் எனக்கு ஞாபகமில்லை. அண்ணனைப் படகில் கிடத்தி நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு உடம்பு படகில், ஒன்று துள்ளியது, ஒன்று துள்ளவில்லை. கரைக்கு வரும்போது மீன் இல்லை. நான்தான் கடலில் எறிந்திருக்க வேண்டும். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. அப்படியானால் அப்போதே, நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த அந்தக் கையாலேயே, நான் மறைக்க ஆரம்பித்திருக்கிறேன். வாய் தானாகச் சொன்னது என்பதும் பொய். வாய்க்கு முன்னால் கை சொல்லிவிட்டது.

மீதி வேலை எளிதாக முடிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பழைய ரப்பரை எடுத்துப்போட்டு, பள்ளத்தை பிரஷ்ஷால் தேய்த்து, புதியதை எண்ணெய் தடவி உட்காரவைத்து, வளையத்தின் உள்பக்கம் பல்லு பல்லாக உப்பை எடுத்து, துடைத்து, இரண்டு பெருவிரலாலும் நேராக அழுத்த, டப்பென்று உட்கார்ந்துகொண்டது. திருப்பிப் பார்க்கிறேன். டிக் டிக் டிக். இரண்டு வருஷமாக இறுகிக் கிடந்தது மாதிரியே இல்லை. முக்கோணத்தைப் பன்னிரண்டில் கொண்டுபோய் வைத்தேன், கடையில் புதிதாக வாங்கும்போது இருப்பதுபோல. புது பேட்டரியும் போட்டாயிற்று, ஓடுகிறது. டேப்பை உரித்தேன், ஒரு கீறல் இல்லை. எவ்வளவு சுத்தமான வேலை. ஜெசி பார்த்துவிட்டு, "அய்யோ, புதுசு கணக்கா இருக்கு" என்கிறாள். புதுசு கணக்கா. ஆமாம். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது.

ஐந்து அடிக்கவும் அவர்கள் வந்துவிட்டார்கள். அன்சிலா உள்ளே வரும்போதே கையை நீட்டிக்கொண்டு வருகிறாள். பட்டையைக் கடைசித் துளையில் மாட்டியும் மணிக்கட்டில் ஆடுகிறது. "சித்தப்பா, திரும்புது!" என்று வளையத்தைத் திருப்பித் திருப்பிச் சிரிக்கிறாள், அண்ணனுக்கு இருந்ததுபோலவே ஒரு பல் மேலே ஏறியிருக்கும் சிரிப்பு. மதினி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். பேச்சு அவளிடமிருந்துதான் வந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை. "வர்ற வழியில அந்த பெர்க்மான்ஸ் எதுத்தாப்ல வாரான். இவ பாட்டுக்கு, வணக்கம் மாமா, நாளைக்குக் காலேஜுக்குப் போறேங்கா. அவன் நின்னுட்டான். நல்லாப் படி தாயிங்கான். எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு தம்பி. கையப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்துட்டேன். இவ அப்பன் மூச்சத் திருடுனவன் இவளுக்கு ஆசீர்வாதம் குடுக்கான்." அன்சிலா, "அம்மா, விடும்மா" என்றாள், வளையத்தைத் திருப்பிக்கொண்டே. டிக் டிக். ஜெசி டீ கொண்டுவருகிறாள். இப்போது டீ குடிப்பார்கள். பிறகு பெட்டி கட்ட வேண்டும் என்று எழுந்து போவார்கள். அன்சிலா கோயம்புத்தூர் போவாள், நோயாளிகள் கையைப் பிடித்து இந்தக் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணுவாள், வருஷங்கள் போகும், பெர்க்மான்ஸ் ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருப்பார், ஒருநாள் செத்தும் போவார், அடக்கத்துக்கு நானும் போய் நிற்பேன், மதினி வரமாட்டாள். எல்லாம் அப்படியே நடக்கும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். அதுதான் எனக்கு நன்றாக வருமே.

"அவரு முழுசாத்தான் அடைச்சாரு மதினி."

என் குரல்தான். மதினி டீயை வாங்க நீட்டிய கை அப்படியே நிற்கிறது. "என்ன சொல்லுத?" டாங்க் முழுசா இருந்துச்சு. நான் பாத்தேன். அரை மணி இல்ல, அம்பது நிமிஷம். ஒம்பது அம்பதுக்கு எறங்குனான். நான் பொய் சொன்னேன். சொல்லச் சொல்ல என் சொற்கள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன, நான் பின்னால் ஓடினேன். கயிறு கையில இல்ல மதினி. கட்டையில சுத்தி வச்சிருந்தேன். தூண்டில்ல மீன் மாட்டுச்சு. ஜெசி கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அன்சிலாவின் விரல்கள் நின்றுவிட்டன. மதினி அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று இரண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் பார்த்து வைத்திருந்தேன். அவள் மிகவும் மெதுவாக, ஏதோ கடையில் விசாரிக்கிற மாதிரி, கேட்டாள்:

"என்ன மீனு?"

"பாறை."

"பெருசா?"

"பெருசு."

தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அவரு இழுத்திருப்பாருல்ல? கயித்த." இழுத்திருப்பான் மதினி. "ஒனக்குத் தெரியல." தெரியல. "எத்தன நேரம் இழுத்தாரோ." அன்சிலா ஒரு சத்தம் போட்டாள், அழுகை இல்லை, விக்கல் மாதிரி. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது, எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. மதினி எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். அவள் காலைத்தான் பார்க்க முடிந்தது. வெறுங்கால். ஒரு அறை விழுந்தது, நல்ல காதுப் பக்கம், வீடே இரைந்தது. இன்னொன்று விழும் என்று காத்திருந்தேன், வேண்டும் என்றுகூட இருந்தது. விழவில்லை. "எந்திரி" என்றாள். "எந்திரில. நடந்து வா."

தெருவில் வெயில் இன்னும் இருக்கிறது. மதினி முன்னால் போகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை, நான் வருகிறேனா என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி. பின்னால் ஜெசியும் அன்சிலாவும் வருகிற காலடி கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வாசலில் இருக்கிறார்கள், என்ன மதினி, எங்கன என்று யாரோ கேட்கிறார்கள், அவள் நடந்துகொண்டே இருக்கிறாள். போலீசுக்குப் போக வேண்டியிருக்கும். ஊர்க் கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஜெசி என்னோடு இருப்பாளா தெரியாது. இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, ஆனால் எதுவும் உள்ளே இறங்காமல் மேலேயே மிதக்கிறது. மதினியின் குதிகாலையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன். நீலக் கதவு. அதற்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். என்னை முன்னால் தள்ளுவாள், சொல்லு என்பாள் என்று நினைத்தேன். அவள் தட்டக் கையைத் தூக்கி, தட்டாமல், தூக்கிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டினாள். பெர்க்மான்ஸ் அண்ணனுடைய சம்சாரம் கதவைப் பாதி திறந்து, யாரென்று பார்த்து, பயந்து, மறுபடி சாத்தப் போனாள். மதினி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சாத்தாதீங்க" என்றாள். "ரெண்டு வருஷமா ஒங்களப் பாத்து நான் ரோட்டுல துப்பியிருக்கேன். எங்கள உள்ள விடுவீங்களா?"